எடை குறைக்கிறோம் என்று சொல்லி எம்ஜிபியின் உடம்பைத் துளைத்துவிட்டார்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள், முக்கியமாக இங்கிலாந்தில் எம்ஜிபி வைத்திருப்பவர்கள், வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படித்துவிடுங்கள். “நூறு கிலோ குறைத்துத் தருகிறோம், வளைவுகளில் பறக்கும்” என்று சொல்லி லண்டனுக்குத் தெற்கே ஒரு பட்டறை என்னிடம் 2,400 பவுண்டு வாங்கியது. திருப்பிக் கொடுத்தது ஓட்டவே ஆபத்தான வண்டியை.

என்னுடையது 1978ஆம் ஆண்டு ரோட்ஸ்டர், கறுப்பு ரப்பர் பம்பர் வகை. அமெரிக்க விதிகளுக்காக 1974 இறுதியில் எம்ஜிபிக்கு இந்தக் கனத்த பம்பர்களை மாட்டி, வண்டியையும் சற்று உயர்த்தினார்கள். அப்போதிருந்தே வளைவில் சாய்கிறது என்ற குறை அதற்கு உண்டு. ஆகவே எடையைக் குறைக்க நினைப்பது நியாயமான ஆசைதான். பம்பர்களைக் கழற்றி, உயரத்தைப் பழைய அளவுக்கு இறக்கி, இலேசான அலாய் சக்கரங்களை மாட்டினால் வண்டி திரும்பும் விதமே மாறும். நான் கேட்டது அவ்வளவுதான். அவர்கள் எழுதிக் கொடுத்ததும் அதைத்தான்.

நடந்தது வேறு. உயரத்தை அவர்கள் தொடவே இல்லை. பாரம் குறைந்ததால் ஸ்பிரிங்குகள் எழும்பி, வண்டி முன்பைவிட உயரமாக நிற்கிறது. ஸ்டெப்னி, ஜாக், டிக்கி விரிப்பு எல்லாம் போய்ப் பின்பக்கம் வெறுமையாகிவிட்டது. போதாததற்கு, வளைவில் சாயாமல் பிடிக்கும் முன்பக்க ஆன்டி-ரோல் பாரையும் “அதுவும் எடைதானே” என்று எடுத்துவிட்டார்கள். பின்பக்கத்துப் பாரை மட்டும் விட்டுவைத்தார்கள். தொழிற்சாலையே ரப்பர் பம்பரின் தொடக்க ஆண்டுகளில் முன் பாரை மாட்டாமல் விட்டுப் பார்த்து, 1977 மாடலில் முன்னும் பின்னும் மாட்டிக் கொடுத்த வண்டி இது! இப்போது ஈரச் சாலையில் வளைத்தால் வால் வெளியே வீசுகிறது. அழுத்திப் பிரேக் பிடித்தால் பின் சக்கரங்கள்தான் முதலில் உருளாமல் நிற்கின்றன.

அலுமினிய பானட் என்று பில்லில் இருக்கிறது. வந்திருப்பது பெயின்ட் அடித்த ஃபைபர். விரலால் தட்டினால் மொத்தென்று கேட்கிறது; உள்பக்க ஓரத்தில் கண்ணாடி நார் பிசிறுகூட மறையவில்லை.

இவற்றையாவது பணத்தோடு போகட்டும் என்று விடலாம். விடவே முடியாதது ஒன்று உண்டு. ஒரு பக்கம் ஜாக் வைத்துத் தூக்கியபோது, திறந்த கதவு மூட மறுத்தது. கதவின் மேல் இடைவெளி நெருங்கி, விளிம்பு தகட்டில் உரசி நின்றது. விரிப்பைத் தூக்கி டார்ச் அடித்தேன். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டித் தகட்டின் உள்சுவரில் வரிசையாகப் பெரிய துளைகள். விளிம்பை அரம் போட்டுத் தேய்க்கவில்லை, துருத் தடுப்பும் பூசவில்லை. அதற்குள்ளாகவே செந்துரு ஏறியிருந்தது. எம்ஜிபிக்குத் தனிச் சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கூரையில்லாத ரோட்ஸ்டரில் அந்தப் பெட்டித் தகடுதான் முதுகெலும்பு. அது தளர்ந்தால் உடலே முறுக்கும். அப்புறம் எந்த ஸ்பிரிங், எந்த டயர் போட்டாலும் கையாள்கை தேறாது. மோதினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டியதில்லை.

கேட்டதற்கு, இலேசான கார்களுக்குப் பேர்போன லோட்டஸ் கார் நிறுவனத்தைத் தொடங்கிய காலின் சாப்மனின் பெயரைச் சொன்னார் பட்டறை உரிமையாளர். சாப்மனின் 1962 எலானில் பாரத்தைத் தாங்க நடுவில் எஃகுச் சேஸிஸ் இருக்கிறது; மேலே இருப்பது ஃபைபர் உடல். இலேசாக இருக்கும்படி தொடக்கத்திலேயே வரைந்த வண்டி அது. தாங்கும் தகட்டில் துளை போடுவதற்கு அவர் பெயரை இழுப்பது எனக்கு ஆத்திரமூட்டுகிறது.

நூறு கிலோவுக்கும் ஆதாரமில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் நான்கு சக்கரங்களையும் தனித்தனியாக எடைபோட்ட தாளைக் கேட்டேன், எடைபோடவே இல்லையாம். கழற்றிய பம்பர்களையும் பாரையும் கேட்டால் “குப்பைக்குப் போய்விட்டது” என்கிறார்கள். இரண்டு நிபந்தனைகளை, அதாவது எடைத் தாளும் பழைய பாகங்களும் என் கைக்கு வரவேண்டும் என்று, வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் வாங்குங்கள். உடல் தகட்டில் துளையோ வெட்டோ கூடாது என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

இன்னொன்று. நாற்பது வயது தாண்டிய வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு இங்கே எம்ஓடி எனும் ஆண்டுச் சாலைத் தகுதிச் சோதனை கட்டாயமில்லை. அதனால் இந்தத் துளைகளை யாரும் கண்டுபிடிக்காமலே வண்டி ஓடலாம். விருப்பப்பட்டுச் சோதனைக்கு விடலாம், விடுங்கள். செய்த மாற்றங்களைக் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவித்துவிடுங்கள்.

வேலையை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்கிறது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம். நான் கிரெடிட் கார்டில் கட்டியிருந்ததால் 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி வங்கியிடமும் பணத்தைத் திரும்பக் கோரியிருக்கிறேன்; விலை 100 பவுண்டுக்கு மேல் 30,000 வரை இருந்தால் இந்த வழி உண்டு. பட்டறைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொறியாளரின் அறிக்கையும் படங்களும் வங்கிக்குப் போயிருக்கின்றன. பதில் வரும்வரை வண்டியைச் சாலையில் இறக்கப் போவதில்லை.