கூழைக்கடா படத்தை எங்கிருந்து எடுப்பது?

வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்காக 32 பக்கத்தில் ஒரு கையேடு அச்சிட்டோம். படங்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன: அன்ஸ்பிளாஷ், பிக்சாபே போன்ற இலவசப் படத் தளங்கள், அல்லது விக்கிப்பீடியாவின் படங்களைச் சேமிக்கும் பொதுக் களஞ்சியமான விக்கிமீடியா காமன்ஸ். அடியில் ‘நன்றி: இணையம்’ என்று போட்டு முடிக்கும் பழக்கத்தை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. படமெடுக்க வெயிலில் காத்துக் கிடந்தவருக்கு அந்த நன்றி போய்ச் சேராது.

இலவசத் தளங்களின் சௌகரியம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். படங்கள் பளிச்சென்று இருக்கும். பெயர் போடக் கட்டாயமில்லை. அட்டைக்கு ஓர் ஏரிக்கரைக் காலை வேண்டுமென்றால் இன்றும் அங்கேதான் போவேன். ஆனால் கூழைக்கடாவைத் தேடினால் வெளிநாட்டு இனங்களே முன்னால் வந்து நின்றன. காமன்ஸில் அறிவியல் பெயர்வாரியாகப் பகுத்திருப்பதால், நம் ஏரிக்கு வரும் புள்ளி அலகுக் கூழைக்கடா உடனே அகப்பட்டது.

இதையெல்லாம்விட என்னைக் காமன்ஸ் பக்கம் சாய்த்தது சான்று. இரண்டாம் அச்சுக்குப் பணம் தர முன்வந்தவர்கள், ஒவ்வொரு படத்துக்கும் அனுமதி எங்கே என்று கேட்டார்கள். பாம்புத்தாரா படத்தை வேறோர் இலவசத் தளத்தில் எடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கமே இல்லை. கையில் கோப்பு இருந்தது, காட்ட ஒன்றும் இல்லை. படத்தை நீக்கிவிட்டோம். தளங்களின் விதிகளும் மாறுகின்றன: அன்ஸ்பிளாஷ் 2017இலும் பிக்சாபே 2019இலும் எந்த நிபந்தனையும் விதிக்காத சிசி0 என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தை விட்டுத் தங்கள் சொந்த விதிகளுக்குப் போயின. எந்தத் தேதியில் இறக்கினோம் என்று குறித்து வைக்காவிட்டால் நாம்தான் தடுமாறுவோம்.

காமன்ஸில் ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம், அதில் உரிமத்தின் பெயர், பதிப்பு எண், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு. ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்திலிருந்து வந்த படமென்றால், இன்ன நாளில் இந்த உரிமம் அங்கே இருந்தது என்று சரிபார்த்த குறிப்பும் பெரும்பாலும் இருக்கும். எடுத்தவர் பிறகு அங்கே உரிமத்தை மாற்றினாலும் முன்பு தந்த அனுமதி போகாது.

இதற்கு விலை, எடுத்தவரைச் சொல்லும் பெயர் வரி. கூழைக்கடாவுக்கு எழுதியது இப்படி: படத்தின் தலைப்பு, எடுத்தவர் பெயர், பக்கத்தின் முகவரி, ‘சிசி பை-எஸ்ஏ 4.0’ என்ற உரிமமும் அதன் முகவரியும், ‘இடது ஓரம் வெட்டப்பட்டது’ என்ற குறிப்பு. 4.0இல் தலைப்பு கட்டாயமில்லை, பழைய 3.0இல் உண்டு. எல்லாவற்றுக்கும் போட்டுவிடுவது நிம்மதி. பக்கம் வடிவமைத்த தம்பி இடமில்லை என்று அலுத்துக்கொண்டார். கடைசிப் பக்கத்தில் பக்க எண்வாரியாகத் தொகுத்தோம். எங்காவது பிழை நேர்ந்தாலும், தெரிய வந்த 30 நாளுக்குள் திருத்தினால் 4.0 உரிமம் தானாகவே மீண்டுவிடும்.

‘பை’ என்றால் எடுத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும், ‘எஸ்ஏ’ என்றால் மாற்றி உருவாக்கியதை அதே உரிமத்தில் பகிர வேண்டும். ‘எஸ்ஏ’ என்றதும் புத்தகம் முழுவதையும் அதே உரிமத்தில் தர வேண்டுமோ என்று பலர் அஞ்சுகிறார்கள். படத்தைப் படமாகவே வைத்தால் அப்படியில்லை. அதை வைத்துப் புதுப் படம் உருவாக்கினால் அந்தப் படத்துக்கு அதே உரிமம் வேண்டும். விக்கிப்பீடியாவின் எழுத்துக்கும் இதே விதிதான், பத்தியைத் திருத்திச் சேர்த்தால் பொருந்தும். அதனால் தகவலை மட்டும் எடுத்துக்கொண்டு சொந்த நடையில் எழுதினேன். காணொளியில் எனக்கு அனுபவமில்லை. நான் சொல்வது அச்சுக்கு.

மூன்றாம் அச்சுக்குக் காமன்ஸிலிருந்தே ஒரு பாம்புத்தாராவை எடுத்து வைத்திருக்கிறேன், இறக்கை விரித்து வெயில் காய்கிறது. பெயர் வரியும் எழுதியாயிற்று.