மூளையதிர்ச்சிக்குப் பின்: கொக்குவில் இயன்மருத்துவ நிலையமொன்றில் கண்டவை

உதைபந்தாட்டப் பயிற்சியில் இன்னொரு பிள்ளையுடன் தலை மோதி விழுந்த என் பதினைந்து வயது மகனுக்கு, வைத்தியசாலையில் எடுத்த சீ.ரி. ஸ்கானில் ஒன்றும் தெரியவில்லை. இலேசான மூளையதிர்ச்சியில் ஸ்கான் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும் என்பதையும், இரத்தக்கசிவு இல்லை என்று காட்டுமே தவிரப் பிள்ளை சுகமாகிவிட்டான் என்று அது சொல்லாது என்பதையும் நாங்கள் அப்போது அறிந்திருக்கவில்லை. வீட்டுப் பெரியவர்களின் சொற்படி யன்னலுக்குச் சேலை கட்டி, ஐந்து நாள் அவனை இருட்டறையில் படுக்க வைத்தோம். தலையிடி குறையவில்லை, பிள்ளை பேச்சும் குறைந்து சோர்ந்து போனான். வைத்தியரின் ஆலோசனையோடு ஆறாம் நாள் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் உள்ள தனியார் இயன்மருத்துவ (பிசியோதெரபி) நிலையமொன்றுக்கு அழைத்துச் சென்றோம்.

இயன்மருத்துவர் முதல் அரைமணி நேரம் எந்தக் கருவியையும் தொடவில்லை. கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்தார். தன் பேனையின் நுனியைக் கண்ணால் தொடரச் சொன்னார். நித்திரை, தலைச்சுற்று, வாசிக்கும்போது வரும் களைப்பு எல்லாவற்றையும் மகனிடமே கேட்டறிந்தார். பிறகு உடற்பயிற்சிச் சைக்கிளில் ஏற்றி, நாடித்துடிப்பை அளக்கும் பட்டியை மார்பில் கட்டி, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மிதிபாரத்தைச் சிறிது கூட்டியபடி, "தம்பி, இப்ப பத்துக்கு எத்தினை?" என்று தலையிடியின் அளவைக் கேட்டுக்கொண்டே இருந்தார். துடிப்பு 135ஐ எட்டியபோது அவன் நெற்றியைச் சுருக்கி "அஞ்சு" என்றதும் நிறுத்திவிட்டார். அதன் 80 சதவீதமான 108ஐத் தாண்டாமல் நாளுக்கு 20 நிமிடம் மிதிக்க வேண்டும் என்பதே அவர் எழுதிக் கொடுத்த மருந்து.

இந்தப் பயிற்சிமுறை அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜோன் லெடி குழுவினர் வளர்த்தெடுத்தது. 13 முதல் 18 வயதுடைய 103 பேரைக் கொண்டு அவர்கள் செய்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், அடிபட்டுப் பத்து நாளுக்குள் இவ்வாறு பயிற்சி தொடங்கியவர்களின் இடைநிலைத் தேறுகாலம், அதாவது அவர்களில் பாதிப்பேர் தேறிவிட எடுத்த காலம், 13 நாள். உடலை நீட்டி வளைக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது 17 நாள். 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய விளையாட்டு மூளையதிர்ச்சி நிபுணர்களும் தொடக்கத்தில் 24 முதல் 48 மணிநேரத்துக்கு அளவான ஓய்வும், அதன்பின் மெல்லிய உடலியக்கமும் என்றே பரிந்துரைத்தார்கள். ஐந்து நாள் கடும் ஓய்வில் வைக்கப்பட்ட பிள்ளைகளே, ஓரிரு நாள் ஓய்வெடுத்தவர்களைவிடக் கூடுதலான உபாதைகளைச் சொன்னதாக 2015இல் வெளியான ஆய்வொன்றை இயன்மருத்துவர் எடுத்துச் சொன்னபோது, சேலை கட்டிய யன்னல் நினைவுக்கு வந்து எனக்கு நெஞ்சு கனத்தது. அக்கறையோடுதான் செய்தோம், ஆனாலும்.

குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். காத்திருக்கும் அறையில் தொலைக்காட்சி உரத்து ஓடியது. விட்டுவிட்டு எரிந்த குழல்விளக்கின் கீழ் மகன் நாற்பது நிமிடம் காதைப் பொத்திக்கொண்டு இருந்தான். இத்தகைய நோயாளரை அழைக்கும் நிலையம் இதை முதலில் திருத்த வேண்டும். அரைநாள் வகுப்புக்கு அனுமதி கோரிப் பாடசாலைக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தையும் மூன்றுமுறை கேட்டே பெற்றேன்.

ஓயாத வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத மயக்கம் இருந்தால் இங்கே வராமல் நேரே வைத்தியசாலைக்கு ஓடுங்கள் என்று இயன்மருத்துவர் முதல் நாளே தாளில் எழுதித் தந்தது எனக்குப் பிடித்திருந்தது. நான்காம் வாரத்தில் மகன் முழுநாளும் பாடசாலைக்குப் போகிறான், மாலையில் மைதானத்தைச் சுற்றி ஓடுகிறான். பந்தைத் தலையால் முட்டுவதற்கு மட்டும் வைத்தியர் இன்னும் அனுமதி தரவில்லை.