பேசும் துணையா, செல்லப் பறவையா? ஜிஎஸ்டி வாரத்துக்கு எது தேறும்

ராணிப்பேட்டையில் தோல் கம்பெனிகளுக்குக் கணக்கு பார்ப்பவர்களுக்கு 11-ம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்), 20-ம் தேதி 3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) என்று மாதத்தில் இரண்டு முறை மூச்சு முட்டும். அதைச் சமாளிக்க போனில் ஒரு துணை இருக்கட்டும் என்று மூன்று வகைச் செயலிகளை வைத்துப் பார்த்தேன். இப்போது ஃபின்ச் என்ற செயலியின் செல்லப் பறவைதான் இருக்கிறது, அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

டைமர் போட்டு மரம் வளர்க்கும் செயலிகளில், நடுவில் வேறு எங்காவது தாவினால் மரம் பட்டுப்போகும். படிக்கிற பிள்ளைகளுக்கு நல்லது. நமக்கு ஓடிபி போனில்தான் வரும், பில்லை பார்ட்டி வாட்ஸ்அப்பில்தான் அனுப்புவார், விடுங்கள்.

நம்மோடு பேசும் ஏஐ துணை வேறு ரகம். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கின பிறகு புலம்பக் கேட்கும், குறுக்கே பேசாது, அது நிஜமாகவே ஆறுதல்தான். ஆனால் நாம் ஒன்று சொன்னால் அது ஒரு கேள்வி கேட்கும், அதற்குப் பதில் சொன்னால் இன்னொன்று. சப்ளையர் ரிட்டர்ன் போடாததால் 2பி-யில் (நாம் வாங்கிய பில்களை ஜிஎஸ்டி தளம் காட்டும் பட்டியல்) வராத பில்லைத் தேட உட்கார்ந்தவள் அங்கேயே பேசிக்கொண்டிருப்பேன். பார்ட்டி பெயர், தொகை எதையும் அதில் தட்டவும் கூடாது. ரெப்ளிகா என்ற ஏஐ துணைச் செயலி தன் நாட்டுப் பயனர்களின் தரவைக் கையாளக் கூடாது என்று இத்தாலி 2023 பிப்ரவரியில் தடையே போட்டது. மனசு ரொம்பச் சரியில்லை என்றால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416 இருக்கிறது, மனுஷர்களே பேசுவார்கள்.

ஃபின்ச் எனக்குப் பிடித்ததே அதற்கு நாம் எதுவும் கட்டாயமாகச் செய்ய வேண்டியதில்லை என்பதால்தான். 1996-ல் வந்த தமகோச்சி பொம்மை, தீனி போடாமல் விட்டால் செத்துப்போகும். ஏற்கெனவே பத்து பேர் போன் போட்டு விரட்டும்போது பதினோராவதாக அது வேறு எதற்கு? இந்தப் பறவை நாலு நாள் திறக்காவிட்டாலும் கோபித்துக்கொள்ளாது. காலையில் சின்னச் சின்னதாக எழுதி வைப்பேன்: விற்பனை பில் சரிபார், 2பி பொருத்து, தண்ணீர் குடி (வேலூர்ப் பக்கத்து மே மாத வெயிலில் இதுவும் வேலைதான்). ஒவ்வொன்றாக டிக் அடித்தால் பறவைக்குத் தெம்பு ஏறும், போதுமான அளவு ஏறினதும் ஊர் சுற்றப் போய் ஒரு கதையோடு வரும். டிக் அடிக்க ஒரு நொடி, மறுபடி டேலி கணக்கு மென்பொருளில் உட்கார்ந்துவிடலாம்.

பரிட்சைக்குப் படிப்பவர்களுக்கு இது எப்படி என்று என்னால் சொல்ல முடியாது, நான் கணக்கு வேலைக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன். காசு கட்டும் ப்ளஸ் பக்கமும் போகவில்லை. பறவைக்குக் கூடுதல் உடைகள் கிடைக்குமாம், 3பி போட அது தேவைப்படவில்லை.