காசல்ரீயில் இறங்கும் ஃப்ளோட் டியூபுக்கு, ஹட்டன் குஷன் பாஸ் தைத்துத் தந்த பைகளும் தடி தாங்கியும்

மீன்பிடிக்க ஃப்ளோட் டியூபில், அதாவது காற்றடித்த ஒற்றையாள் மிதவையில், உட்கார்ந்துவிட்டால் ஒரு சாமானைக் கீழே வைக்க இடமே கிடையாது. படகென்றால் காலடியில் பலகை இருக்கும், கை தவறினாலும் குனிந்து எடுக்கலாம். இதில் காலுக்குக் கீழே வெறும் தண்ணீர். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இரண்டு குறடுகளும் ஒரு சிறிய இரைப் பெட்டியும் அப்படிப் போன பிறகு, சாமான்களைப் பிடித்து வைக்கும் பைகளையும் தாங்கிகளையும் நானே வரைந்து, ஹட்டனில் த்ரீவீலர் சீட் தைக்கும் ஒரு குஷன் கடையில் கொடுத்தேன். ஒன்பது மாதமாகப் பாவிக்கிறேன். அந்தக் கடையின் வேலை எப்படி என்று எழுதத்தான் இது.

டியூபைப் பார்க்காதவர்களுக்கு: குதிரை லாடம் மாதிரி வளைந்த காற்றுப் பைகள், நடுவில் இருக்கை, முதுகுக்கு ஒரு சாய்வு, மடிமேல் விரிக்க ஒரு வலைத்துணி. காலில் துடுப்புச் செருப்பு மாட்டி உதைத்துப் பின்பக்கமாகவே போக வேண்டும். இரண்டு கையும் மீன்பிடிக்கு மட்டும். என்னுடையது மச்சான் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டு வந்தது. 250 இறாத்தல் தாங்கும் என்று போட்டிருக்கிறது. பக்கத்துக்கு ஒரு சிப் பை, சுற்றிவர ஆறு டி வளையம். தூண்டில் தடி வைக்க ஒன்றும் இல்லை.

முதலில் கொழும்பில் ஒரு கடையில் 4,200 ரூபாய்க்கு ஆயத்தத் தாங்கி ஒன்று வாங்கினேன். அது படகுக் கம்பியில் பூட்டுவதற்குச் செய்தது. அதன் பிளாஸ்டிக் கவ்வியை வளையத்தோடு சேர்த்துக் கட்டினால், அலைக்கு அலை அதன் ஓரம் டியூபின் மேலுறையைத் தேய்க்கும். மூன்றாவது பயணத்திலேயே துணி நூல் நூலாக எழும்பத் தொடங்கியது. மேலுறை போனால் அடுத்தது உள்ளே இருக்கும் காற்றுப்பைதான். நடுத்தண்ணீரில் அது நடப்பதை நினைத்துப் பார்த்தேன், அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

நான் நோர்வூட் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருக்கிறேன். குழாய் வேலை எனக்குப் பிரச்சினை இல்லை. மிஞ்சிய ஒன்றரை இஞ்சி பிவிசி குழாயில் 28 சென்டிமீட்டர் நீளத்துக்கு இரண்டு துண்டு வெட்டினேன். வாயைக் கொதிநீரில் சில நிமிடம் அமிழ்த்தி, ஒரு கண்ணாடிப் போத்தலின் கழுத்தைச் செருகித் தோள்வரை அழுத்தினால் அழகாக அகன்று கொடுக்கும். எங்கள் மலை உயரத்தில் தண்ணீர் கிட்டத்தட்ட 96 பாகையிலேயே கொதித்துவிடும், ஆனால் பிவிசி 80 பாகையைத் தாண்டினாலே இளகும் என்பதால் அது போதும். அடுப்புத் தீயில் காட்ட வேண்டாம். கருகும், அந்தப் புகையும் நெஞ்சுக்குக் கூடாது. ரீலின் கால் இறங்க மேலே ஒரு வெட்டு, தண்ணீர் வடிய அடியில் ஓட்டை, ஓரமெல்லாம் அரம் போட்டு மழுங்கல். சரி, குழாய் தயார். இதை டியூபோடு சேர்க்கும் துணி வேலைக்குத்தான் ஆள் தேவைப்பட்டது.

முதல் நாள் டியூபை மடித்து ஒரு உரப்பையில் போட்டு எடுத்துப் போனேன். கடையில் தைப்பவர், பாஸ் என்றுதான் கூப்பிடுவோம், என் படத்தைப் பார்த்தார், துணியைத் தடவினார், அளவு எடுக்க மறுத்துவிட்டார்.

"காத்தடிச்சுக் கொண்டாங்க தம்பி. நீங்களும் உக்காரணும். ஆள் உக்காராத சீட்டுக்கு நான் அளவு எடுக்கிறதில்ல."

அடுத்த ஞாயிறு கடைத் தரையிலேயே காற்றடித்து உட்கார்ந்தேன். அரை மணி நேரம் என்னைச் சுற்றிச் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். தூண்டில் வீசுகிற மாதிரி கையை வீசிக் காட்டச் சொன்னார். நான் படத்தில் குறித்த இடத்தில் குழாயைப் பிடித்தபோது முழங்கை நேராக அதில் இடித்தது. ஒரு சாண் பின்னால் தள்ளி, மேல் முனை பின்பக்கம் சாய்ந்தும் வெளிப்பக்கம் கொஞ்சம் விலகியும் நிற்கிற மாதிரி கோட்டை மாற்றினார். "இப்ப திரும்பாம எடுத்துப் பாருங்க" என்றார். எட்டியது. இந்த ஒரு மாற்றத்துக்கே அவர் கேட்ட கூலியைக் கொடுக்கலாம். தூண்டில் பிடித்தே பழக்கமில்லாத மனிதர், ஆனால் உட்கார்ந்திருக்கும் உடம்புக்கு எது எட்டும், எது இடிக்கும் என்பது இருபது வருஷமாக சீட் தைத்த கைக்குத் தெரிந்திருக்கிறது.

துணி, த்ரீவீலர் ஹூட் துணி. குழாய்க்கு ஒரு உறை, உறைக்கும் டியூபுக்கும் நடுவே உள்ளங்கை அகலத்தில் ஒரு மெத்தைப் பட்டை, உள்ளே மெல்லிய ஸ்பஞ்ச். துணியின் வழுவழுப்பான பக்கம் டியூபைப் பார்க்க வைத்துத் தைத்திருக்கிறார். நான் சதுரமாக வரைந்த மூலைகளையெல்லாம் வட்டமாக வெட்டிவிட்டார், மூலைதான் முதலில் மடங்கித் தேயுமாம். ஒன்பது மாதத்தில் மேலுறையில் ஒரு புதிய கீறல்கூட இல்லை.

பட்டிகளுக்குப் புத்தகப்பைகளில் வரும், இழுத்து இறுக்கும் பக்கிள். இது நான் பிடிவாதமாகக் கேட்டது. வீட்டில் காற்றடித்துக் கொண்டுபோய் விடிய ஆறரைக்கு அந்தக் குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி டியூப் இளகும், கட்டெல்லாம் தளரும். பத்து மணி வெயிலுக்கு அதே டியூப் விம்மும், அப்போது கொஞ்சம் காற்றை வெளியே விடவும் வேண்டும். நிரந்தர நீளத்தில் தைத்த பட்டி இரண்டுக்கும் சரிவராது. இப்போது ஒரு கையால் இழுத்தால் இறுகுகிறது, விரலால் தூக்கினால் தளர்கிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. சாமான் பை நழுவாமல் இருக்கத் தோளைச் சுற்றி ஒரு பட்டி போட்டுத் தரவா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன். டியூபில் எந்தப் பட்டியும் ஆளைச் சுற்றிப் போகக் கூடாது. காற்றுப் போனாலோ கவிழ்ந்தாலோ ஒரே தள்ளலில் வெளியே வர வேண்டும். உடம்பில் இருக்க வேண்டியது லைஃப் ஜாக்கெட் மட்டும். பாஸ் கேட்டுக்கொண்டார்.

மற்றவை சின்ன வேலைகள். தேய்ந்த ரப்பர் செருப்பின் அடியை வெட்டிக் கொடுத்தேன், வலது பக்கப் பையின் மூடியில் தைத்துத் தந்தார், தூண்டில் முட்களைக் குத்தி வைக்க அதைவிட நல்லது கிடையாது. குறட்டுக்குப் பழைய டெலிபோனின் சுருள் வயர். இழுத்தால் நீளும், விட்டால் தானாக வந்து பையோடு ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு குறடும் தண்ணீருக்குப் போகவில்லை. மடி வலைத்துணியின் ஓரத்தில் 5 சென்டிமீட்டருக்கு ஒரு சிவப்புத் தையல் போட்டிருக்கிறார். மீனை மடியிலேயே அளந்து, சின்னதென்றால் உடனே விட்டுவிடலாம்.

மீன் போடும் பைதான் எனக்கு அதிகம் யோசனை கொடுத்தது. காசல்ரீயில் எனக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பான் மீன், திலாப்பியா என்றும் சொல்வார்கள். அதன் முதுகு முள் ஊசி மாதிரி. வெங்காய வலைப்பையை டியூபோடு சேர்த்துக் கட்டினால் துள்ளுகிற மீனே ஓட்டை போட்டுவிடும். பாஸ் இரண்டு பழைய ரெக்சின் துண்டுகளை ஒட்டித் தடித்த கேடயம் மாதிரி ஒன்று தைத்து, பைக்கும் டியூபுக்கும் நடுவே தொங்கவிட்டார். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் பை தண்ணீருக்குள் ஒன்றரை அடி தொங்குகிறது. காசல்ரீயில் பரவாயில்லை. மவுசாகலை நீர்த்தேக்கத்தில் வறட்சிக்கு மட்டம் இறங்கும்போது, அணை கட்டியபோது மூழ்கிய பழைய மஸ்கெலியா டவுனின் கோவிலும் பள்ளிவாசலுமே வெளியே தெரியும் அல்லவா, அந்த மாதங்களில் சுவரும் மரக்கட்டையும் எங்கே நிற்கிறது என்று சொல்ல முடியாது. அங்கே இந்தப் பையை நான் இறக்குவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். முதலில் தைத்த உறையில் சாதாரண நூல் போட்டிருந்தார். இரண்டாம் மாதமே அடித்தையல் விட்டுவிட்டது, நல்லவேளை கரையில்தான். கொண்டுபோய்க் காட்டியதும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் எல்லாவற்றையும் பிரித்து நைலோன் நூலில் திரும்பத் தைத்தார், காசு வாங்கவில்லை. அவர் போட்ட டி வளையங்கள் முலாம் பூசிய இரும்பு, எங்கள் பக்கத்து ஈரத்துக்குத் துருப்பிடித்துத் துணியில் கறை விட்டன. துருப்பிடிக்காத எஃகு வளையங்களை நான் தனியாக வாங்கிக் கொடுத்து மாற்றினேன். தவணையும் நம்ப முடியாது. ஒரு வாரம் என்றது நாலு வாரமானது. சிவனொளிபாதமலை சீசன் காலத்தில் வேன் சீட்டுகள் கடை வாசல் வரை அடுக்கியிருக்கும், அப்போது நம்முடைய சின்ன வேலை பின்னுக்குத்தான் போகும்.

இரண்டு தாங்கி உறை, இரண்டு பக்கப் பை, மீன் பையின் கேடயம், மடித்துணித் தையல் எல்லாம் சேர்த்து 7,500 ரூபாய் கொடுத்தேன். கொழும்பில் வாங்கிய அந்த ஒற்றைத் தாங்கியின் விலையோடு பார்த்தால் இது எனக்கு மலிவு. ஹட்டன் பக்கம் டியூப் வைத்திருப்பவர்கள் யோசிக்காமல் போகலாம். பஸ் நிலையத்திலிருந்து கீழே இறங்கும் பாதையில், வாசலில் ஹூட் துணிச் சுருள்கள் சாத்தியிருக்கும் கடை. மே மாதம் மழை பிடித்தால் எப்படியும் தண்ணீருக்குப் போக மாட்டோம், அந்த நேரத்தில் கொடுப்பது வசதி. பம்பையும் எடுத்துப் போங்கள், நைலோன் நூல் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள், வளையம் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நான் இப்போது கைவலையை முதுகுச் சாய்வின் பின்னால் மாட்ட ஒரு வெல்க்ரோ பட்டி கேட்டிருக்கிறேன். டியூபைக் கொண்டுவந்து மறுபடியும் உட்காரச் சொல்லியிருக்கிறார்.