விடிலி அடுப்பா, பந்தய வண்டியா? மெக்கானிக்கல் இறுதியாண்டு புராஜெக்ட்: ஓர் ஒப்பீடு

ஆடிக் காற்று வீசும் நாட்களில்தான் ஏழாவது பருவமும் (செமஸ்டர்) தொடங்குகிறது. நான்கு நான்கு பேராக மாணவர்கள் என் மேசைக்கு வந்து நிற்பார்கள். "சார், எந்த புராஜெக்ட் எடுக்கலாம்?" திருநெல்வேலிச் சீமையில் பல ஆண்டுகளாக இறுதியாண்டு மெக்கானிக்கல் மாணவர்களுக்கு வழிகாட்டி வருகிறேன். அவர்கள் முன் இருப்பவை பெரும்பாலும் நான்கு வழிகள்: கடையில் வாங்குவது, கணினியிலேயே முடிப்பது, பந்தய வண்டி கட்டுவது, பக்கத்து ஊர்த் தொழில் ஒன்றை எடுத்துக்கொண்டு களத்தில் இறங்குவது. தலைப்பில் உள்ள விடிலி, அதாவது பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி எடுக்கும் குடிசை, இந்த நான்காவது வழியில் வருகிறது. நான்கையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் எடை போடுகிறேன். ஆண்டு முடிவில், நீங்களே அளந்த, அதற்கு முன் யாரும் அளந்திராத ஓர் எண்ணாவது உங்கள் கையில் இருக்குமா?

கடையில் வாங்குவதை முதலில் பேசி முடித்துவிடலாம். படிக்கட்டு ஏறும் தள்ளுவண்டி, சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டி, தானாகப் பிடிக்கும் பிரேக், வேகத்தடையில் மின்சாரம் என்று தயாராகவே அடுக்கி வைத்திருப்பார்கள். அறிக்கையும் அச்சடித்துக் கையில் தருவார்கள். ஒரு வாய்மொழித் தேர்வில் பெயிண்ட் வாசனை போகாத இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். "இந்த ஷாஃப்ட் ஏன் 20 மில்லிமீட்டர்? 16 வைத்தால் என்ன ஆகும்?" என்று வெளியிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டார். அந்தப் பையன் இயந்திரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். கெட்டிக்காரப் பையன் அவன். விசையும் முறுக்கமும் அவனுக்குத் தெரியும். அந்த ஷாஃப்ட்டைத்தான் தெரியாது.

வேகத்தடை மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1000 கிலோ எடையுள்ள கார் 10 சென்டிமீட்டர் உயரம் ஏறி இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆற்றல் ஏறக்குறைய 980 ஜூல். ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36 லட்சம் ஜூல். துளியும் வீணாகாமல் பிடித்தாலும் ஒரு யூனிட்டுக்கு 3,600 கார்களுக்கு மேல் கடக்க வேண்டும். அந்த ஆற்றலும் காரின் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. இரண்டு வரிக் கணக்கு இது. வாங்கும் முன் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

வாங்குகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள் அல்லர். பகலில் வகுப்பு, இரவில் அண்ணன் கடையில் வேலை என்று ஓடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். முக்கூடலிலிருந்தும் மேலப்பாளையத்திலிருந்தும் அம்மா சுற்றிய பீடிக் கூலியில் கட்டணம் கட்டிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. அந்தக் காசு அந்தக் கடைக்குப் போகக் கூடாது.

அடுத்தது கணினி: எதையும் கட்டாமல், காற்றோட்டத்தையும் விசையையும் மென்பொருளிலேயே கணக்கிட்டுப் பார்ப்பது. செலவு குறைவு, மழைக்கும் வெயிலுக்கும் அஞ்ச வேண்டாம், படங்கள் வண்ணமயமாக வரும். ஆன்சிஸ் மென்பொருளின் மாணவர் பதிப்பு இலவசம். ஓபன்ஃபோம் என்ற மென்பொருள் எல்லோருக்குமே இலவசம். மகேந்திரகிரியில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருப்பதால் நம் மாணவர்களுக்கு ராக்கெட் நாசில் (வாயு சீறி வெளியேறும் குழல்) மேல் தனி ஆசை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகளைப் பஸ் ஜன்னலில் பார்த்து வளர்ந்தவர்களுக்குக் காற்றாலை இறக்கை மேல் ஆசை. இரண்டும் நல்ல ஆசைகளே.

சிக்கல் எங்கே வருகிறது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு குழு சிறிய காற்றாலை ஒன்றைக் கணினியில் ஓட்டி, காற்றின் ஆற்றலில் 64 சதவீதத்தை அது பிடிக்கிறது என்று மகிழ்ச்சியோடு வந்தது. திறந்த வெளியில் சுழலும் எந்தக் காற்றாலையும் 59.3 சதவீதத்தைத் தாண்ட முடியாது. ஜெர்மனியின் ஆல்பர்ட் பெட்ஸ் 1920-இல் வெளியிட்ட வரம்பு அது. மூன்று நாள் தேடிய பிறகு காரணம் பிடிபட்டது. இறக்கையைச் சுற்றி அவர்கள் வரைந்த காற்றுவெளி மிகக் குறுகலாக இருந்தது. ஒதுங்கிப் போக இடமில்லாத காற்று இறக்கை வழியாகவே நெருக்கியடித்துப் பாய்ந்திருக்கிறது. எல்லையை அகலப்படுத்தியதும் எண் 41-க்கு இறங்கியது. அந்த மூன்று நாள்தான் அவர்களுடைய உண்மையான புராஜெக்ட் என்பேன்.

ஆகவே கணினி வழியை எடுப்பவர்களிடம் ஒரு நிபந்தனை வைக்கிறேன்: வேறொருவர் நேரில் அளந்த ஒன்றை முதலில் கணக்கிட்டு, ஒத்துவருகிறதா என்று காட்டுங்கள். 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நாசா ஏம்ஸ் மையத்தின் பெரிய காற்றுச் சுரங்கத்தில் 10 மீட்டர் விட்டமுள்ள காற்றாலையை நிறுத்தி எடுத்த அளவுகள் உலகெங்கும் இதற்குப் பயன்படுகின்றன. உங்கள் கணக்கு அதோடு பொருந்தட்டும். கணக்குக்காகக் காற்றுவெளியைப் பிரித்த சிறு கட்டங்களை, அதாவது வலைக்கண்களை, இரட்டிப்பாக்கினாலும் விடை மாறாமல் நிற்கட்டும். அதன் பிறகு உங்கள் சொந்த இறக்கைக்குப் போகலாம். இந்த இரண்டும் இல்லாத அறிக்கையில் இருப்பவை வெறும் படங்கள். கயத்தாறில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கல்லூரி வழியாக முறைப்படி அனுமதி கேட்டு ஒரு முறையாவது போய் நின்று, காற்றை எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்து வாருங்கள். காற்றின் வேகம் நொடிக்கு 6 மீட்டரிலிருந்து 8 ஆனால் அதிலுள்ள ஆற்றல் 2.37 மடங்காகிறது. வேகத்தை அளப்பதில் செய்யும் சிறு பிழையும் அப்படியே பெருகும் என்பது அங்கே நின்றால் மனத்தில் பதியும்.

பந்தய வண்டிக்கு வருவோம். மாணவர்களே கட்டிய வண்டிகள் ஓடும் பாஹா போட்டி அமெரிக்காவில் 1976-இல் தொடங்கியது. இந்தியாவில் 2007-இல் தொடங்கி, பெரும்பாலும் இந்தூருக்கு அருகே பீதம்பூரில் நடந்துவருகிறது. பெட்ரோல் வண்டிப் பிரிவில் எல்லா அணிக்கும் ஒரே வகை எஞ்சின், மேடு பள்ளத்தில் நான்கு மணி நேர ஓட்டம். மாணவர்கள் கண்ணில் இதற்கு ஈடான கவர்ச்சி வேறெதற்கும் இல்லை. கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கிறது. ஓட்டுநரைச் சுற்றியுள்ள கூண்டுக் குழாய்க்கு விதி உண்டு: 25 மில்லிமீட்டர் வெளிவிட்டமும் 3 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட சாதாரண எஃகுக் குழாய்க்குக் குறையாத வளைவு விறைப்பு (வளையாமல் எதிர்த்து நிற்கும் தன்மை) வேண்டும். 'உயர்ந்த எஃகை வாங்கினால் மெல்லிய குழாய் போதுமே' என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். 4130 என்ற உயர்வகை எஃகுக்கு வலிமை கூடுதலே ஒழிய, விறைப்பு சாதாரண எஃகினுடையதுதான். விட்டத்தைக் கூட்டினால்தான் தடிமனைக் குறைக்க முடியும். 29.2 மில்லிமீட்டர் விட்டம், 1.65 தடிமன் என்று எடுத்தால் விதியும் நிறைவேறும், எடையும் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். இதைத் தாளில் கணக்கிட்டு, கையால் வளைத்து, வெல்டிங் வைத்து, ஓட்டத்தில் உடைந்ததையும் பார்த்த மாணவனுக்கு இனிப் பாடப்புத்தகம் தேவையில்லை.

ஆனால் செலவு லட்சங்களில் ஓடும். வண்டியை நெல்லையிலிருந்து பீதம்பூர் வரை லாரியில் ஏற்றிப் போக வேண்டும். இருபது பேருக்கு மேல் உள்ள அணியில் கணக்குப் போடுபவர்கள் ஐந்தாறு பேர். மற்றவர்கள் பணம் திரட்டவும் சாமான் வாங்கவும் அலைந்தே ஆண்டைக் கழித்துவிடுகிறார்கள். இரண்டாம் ஆண்டிலேயே அணியில் சேர்ந்து, பிரேக்கோ சஸ்பென்ஷனோ ஒரு பகுதியை முழுதாகத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டவனுக்கு இது மிக நல்ல வழி. இறுதியாண்டில் பெயரை மட்டும் சேர்த்துக்கொள்பவனுக்கு எதுவும் மிஞ்சாது.

(பனைநாரையும் பிசினையும் சேர்த்துத் தகடு செய்து இழுத்துப் பார்க்கும் ஆய்வுகளும் நம் பக்கம் ஏராளம். மாதிரிகளை வெளியூர்ச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு முடிவை மட்டும் வாங்காமல், ஐந்து மாதிரிகளுக்கும் எண்கள் ஏன் வேறுபட்டன என்று விளக்க முடியுமானால் எடுக்கலாம்.)

நான்காவது வழிதான் என் மனத்துக்கு நெருக்கமானது. பத்தமடையில் கோரைப் பாய், காருகுறிச்சியில் மண்பாண்டம், உடன்குடி, திசையன்விளைப் பக்கம் கருப்பட்டி என்று இந்தச் சீமை முழுக்கப் பொறியியல் கேள்விகள் காத்துக் கிடக்கின்றன. கருப்பட்டி அடுப்பை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர் வேண்டும். ஒன்பது லிட்டர் என்று வைத்துக்கொண்டால், எட்டு கிலோ தண்ணீர் ஆவியாக வேண்டும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க 2,257 கிலோஜூல். கொதிநிலைக்குக் கொண்டுவரும் வெப்பத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய 20,500 கிலோஜூல். காய்ந்த விறகு கிலோவுக்கு 16,000 கிலோஜூல் தரும் என்றாலும், திறந்த அடுப்பில் அதில் 15 சதவீதம் பாத்திரத்தைச் சேர்ந்தாலே அதிகம். கிலோ கருப்பட்டிக்கு எட்டரை கிலோ விறகு. அடுப்பின் திறனை 25 சதவீதமாக்கினால் ஐந்து கிலோ. விறகு சுமக்கிற பெண்ணின் தலையிலிருந்து மூன்றரை கிலோ இறங்குகிறது.

தேவையான கருவிகள்: ஒரு தராசு, அதிகச் சூட்டையும் அளக்கும் கே வகை வெப்பமானி இரண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம். அடியில் இரும்புச் சல்லடை போட்டுக் காற்றுக்கு வழி செய்வது, தாச்சிக்கும் (பதநீர் காய்ச்சும் பாத்திரம்) அடுப்புச் சுவருக்கும் இடையே உள்ள இடைவெளியைக் குறைப்பது, புகைபோக்கி வைப்பது. இவற்றில் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொரு மாற்றத்துக்கும் குறைந்தது மூன்று முறை கொதிக்கவைத்து அளக்க வேண்டும். விறகின் ஈரத்தை அளக்காமல் விட்டால் எல்லாக் கணக்கும் வீண்.

இப்படி ஒரு குழு கல்லூரிக் கொட்டகையில் தண்ணீரை வைத்துச் சோதித்து, நல்ல எண்களோடு விடிலிக்குப் போனது. நானும் உடன் போயிருந்தேன். விடியற்காலையில் இறக்கிய பதநீர் தாச்சியில் பொங்கி வந்தது. அடுப்பைக் கவனித்த அம்மா, இடித்த ஆமணக்கு முத்தை ஒரு சிட்டிகை போட்டார். நுரை அப்படியே அமர்ந்தது. மாணவர்கள் நால்வரும் வாயடைத்துப் போனார்கள். சற்று நேரம் கழித்து அவர் சொன்னார்: "தம்பி, அடுப்பு நன்றாகத்தான் எரிகிறது. ஆனால் பனைமட்டையை முழுசாக உள்ளே தள்ள முடியவில்லையே. ஒவ்வொன்றையும் வெட்டிப் போட எனக்கு இன்னொரு கை வேண்டும்."

திறனைக் கூட்டுவதற்காக அடுப்பின் வாயைச் சிறிதாக்கியிருந்தார்கள். கல்லூரியில் எரித்தது அளவாக வெட்டிய உடைமர விறகு. விடிலியில் எரிவது ஆள் உயர மட்டை. வாயை அகலமாக்கி, அதற்கு ஒரு தகரக் கதவு வைத்து மீண்டும் அளந்தார்கள். திறன் இரண்டு சதவீதம் குறைந்தது. அந்த அம்மா அடுப்பை ஏற்றுக்கொண்டார். அறிக்கையில் இரண்டு எண்களையும் காரணத்தோடு எழுதச் சொன்னேன். வாய்மொழித் தேர்வில் முக்கால் மணி நேரமும் அந்தக் கதவைப் பற்றித்தான் கேள்வி. நான்கு பேரும் மாறி மாறிப் பதில் சொன்னார்கள்.

இந்த வழியிலும் இடைஞ்சல் உண்டு. பதநீர்ப் பருவம் மாசி, பங்குனியில்தான் சூடுபிடிக்கிறது. எட்டாவது பருவத் தேர்வோ சித்திரையில் வந்து நிற்கும். களத்துக்குக் கிடைப்பவை ஆறேழு வாரங்கள்தாம். ஏழாவது பருவத்திலேயே தண்ணீர்ச் சோதனைகளை முடித்திருக்க வேண்டும். விடுதியிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்ப அனுமதி வாங்க வேண்டும். 'அடுப்பு கட்டியதெல்லாம் ஒரு புராஜெக்டா' என்று உறவினர்கள் கேட்பார்கள். வேலைக்கான நேர்காணலில் பந்தய வண்டியின் படம் சட்டென்று கண்ணில் படுவதுபோல அடுப்பின் படம் படாது. ஆனால் இரண்டாவது கேள்வியிலிருந்து அடுப்புக்காரன் கை ஓங்குவதை நான் பல முறை பார்த்திருக்கிறேன்.

பணத்தைப் பொறுத்தவரை, அடுப்புக்குச் செங்கல், இரும்பு, வெப்பமானி எல்லாம் சேர்த்துச் சில ஆயிரங்கள் போதும். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் மாணவர் புராஜெக்ட்டுகளுக்குத் தரும் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். கடைசித் தேதியைத் துறைத்தலைவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் உண்மையான ஈடுபாடு உள்ளவர்கள் காற்றாலையை எடுங்கள். ஏற்கெனவே அணியில் இருப்பவர்கள் வண்டியைத் தொடருங்கள். மற்ற எல்லோருக்கும் என் பரிந்துரை களம்தான். அடுப்பை எடுக்கப் போகிறவர்கள் விறகையும் மட்டையையும் இந்த வாரமே வாங்கி, எடை போட்டுக் குறித்துக்கொண்டு, கொட்டகையில் காயப் போட்டுவிடுங்கள். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் காயாது.