வாழைத்தோட்டத்தில் ஒரு ஜாக் ரஸ்ஸல்: 7 வருட அனுபவம்

மணி எங்கள் வீட்டுக்கு வந்து 7 வருடம் ஆகிறது. ஜாக் ரஸ்ஸல் டெரியர் இன நாய். அம்பாசமுத்திரம் பக்கம் எங்களுக்கு வாழைத்தோட்டம். குட்டியாக வாங்கும்போது, சின்ன நாய்தானே, திண்ணையில் சுருண்டு கிடக்கும் என்று நினைத்தேன். அது தப்பு. உயரம் ஒரு அடிக்குள், எடை 6 கிலோ. ஆனால் தினமும் ஒரு மணி நேரமாவது ஓடவிடாவிட்டால் செருப்பு, தலையணை எதுவும் மிஞ்சாது.

19-ம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் ஜான் ரஸ்ஸல் என்ற பாதிரியார் நரி வேட்டைக்காக உருவாக்கிய இனம் இது. வளைக்குள் புகுந்து நரியை வெளியே விரட்ட வேண்டும். அதனால்தான் நெஞ்சு அவ்வளவு ஒடுக்கம். முன்னங்காலுக்குப் பின்னால் இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்தால் என் விரல்கள் தொட்டுக்கொள்கின்றன.

இங்கே நரிக்குப் பதில் எலி. வரப்பில் வளையைக் கண்டால் ஒரு முன்னங்காலைத் தூக்கி, தலையைச் சாய்த்து, அப்படியே நின்று கேட்கும். அப்புறம் மண் பறக்கும். கொஞ்ச நேரத்தில் வால் மட்டும்தான் வெளியே தெரியும். “ஏல, பூனை பாக்க வேண்டிய வேலய இது பாக்குது பாரு” என்று ஆச்சிக்கு ஒரே சந்தோஷம்.

இந்தக் குணம் இருப்பதால்தான் கவனமும் கூடுதலாக வேண்டும். வெறிநோய் தடுப்பூசியோடு எலிக்காய்ச்சலுக்கான ஊசியையும் வருடந்தோறும் போடுகிறோம். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலிருந்து அது நாய்க்கு வரும், நாயிடமிருந்து நமக்கும் வரலாம். தோட்டத்தில் எலிமருந்து வைப்பதை அடியோடு நிறுத்திவிட்டோம்.

மூன்றாம் வருடம் சோறு தொடாமல் படுத்துவிட்டது. வெயில் சூடு என்று நானே இரண்டு நாள் விட்டுவிட்டேன். ஈறு வெளுத்த பிறகுதான் பயந்து ரத்தம் சோதித்தோம்: உண்ணிக் காய்ச்சல். 28 நாள் மாத்திரை. இப்போது தோட்டத்திலிருந்து வந்ததும் காது மடல், விரல் இடுக்கு எல்லாம் தடவிப் பார்க்காமல் உள்ளே விடுவதில்லை.

சாப்பாட்டில் ஒன்று சொல்ல வேண்டும். மிச்சம் இருக்கும் சாம்பார் சோற்றைப் போடாதீர்கள். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பாளையங்கோட்டையில் மாடி வீட்டில் இருக்கும் தங்கச்சி இதே மாதிரி ஒரு குட்டி கேட்டாள். பகல் முழுக்க வீடு பூட்டிக் கிடக்கும் என்பதால் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து மணியோடு ஓடிவிட்டுப் போகிறாள்.