டெல்டா நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள்: விலை நன்று, வரிசை சரியில்லை

விலையை மட்டும் பார்த்தால் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களைக் குறை சொல்ல முடியாது. 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையோடு குவிண்டாலுக்குச் சன்னரகம் ரூ.2,545, பொதுரகம் ரூ.2,500. அதாவது 40 கிலோ மூட்டை ரூ.1,018, ரூ.1,000. பத்து வேலி நிலம் வைத்திருக்கும் பெரிய நிலக்காரருக்கும் அரை ஏக்கர் குத்தகைக்காரருக்கும் ஒரே விலை, பணம் நேரே வங்கிக் கணக்குக்கு. 1968 டிசம்பர் 25 அன்று கூலித் தகராறில் கீழ்வெண்மணியில் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட மண்ணில் இது பெரிய காரியம்.

ஆனால் அந்த விலையை எட்டுவதற்கு எல்லாருக்கும் ஒரே பாதை இல்லை. முதல் தடை ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடை மழையோடு வரும். மெஷினில் அறுத்த நெல் 22 சதவீதத்தில்கூட இறங்கும். அதை 17-க்குக் காயவைத்தால் 100 கிலோ 94 கிலோவாகும். எடை போவதைவிட இடம் இல்லாததுதான் தொல்லை. சொந்தக் களமும் தார்ப்பாயும் ஆளும் உள்ளவர் காயவைத்துவிடுவார். மற்றவர் நெல் ரோட்டோரம் கிடக்கும். ஒரு மழை நனைத்து முளைவிட்டால், சேதம், நிறமாற்றம், முளை, பூச்சி அரிப்பு எல்லாம் சேர்ந்து 5 சதவீதம் என்ற வரம்பைத் தாண்டிவிடும். அப்போது வியாபாரி வயல் வரப்பிலேயே குறைந்த விலைக்குக் கேட்பார். அதே நெல் காய்ந்து, வேறொருவர் பெயரில் உள்ள சிட்டாவில் (நில உரிமைப் பதிவில்) அதே நிலையத்துக்கு வரும்போது, ஊருக்குள் ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த நம்பிக்கை போய்விடுகிறது.

அடுத்தது காகிதம். ஆதார், பாஸ்புக், சிட்டா, அடங்கல் (சாகுபடிப் பதிவு) கேட்பார்கள். வாய்மொழிக் குத்தகையில் இருப்பவரிடம் சிட்டா ஏது? குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் 1969-லேயே வந்தும், பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என்று நிலக்காரர்கள் எழுதித் தர மறுக்கிறார்கள். அதனால் பணம் உழுதவர் கணக்குக்குப் போகாமல் நிலக்காரர் கணக்குக்குப் போய், பிறகு அவர் கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டியதாகிறது. அறுவடை வரை காத்திருக்காமல், பயிர் நிற்கும்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடிச் சான்று கேட்டுவிடுங்கள்.

வரிசைதான் உண்மையான சோதனை. லாரி வராமல் மூட்டை தேங்கினால் கொள்முதல் நிற்கும். எல்லாத் தெருக்காரர்களும் சேர்ந்து ஒரே நோட்டில் பெயர், சர்வே எண், மூட்டைக் கணக்கு எழுதி வைத்திருக்கும் ஊரில், பத்து மூட்டைக்காரரும் முறை தவறாமல் போடுவார். தெருவுக்குத் தெரு முகம் திருப்பிக்கொண்ட ஊரில் ஐந்நூறு மூட்டைக்காரர்தான் முதலில் போடுவார். மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கப்படுவதாக விவசாயச் சங்கங்கள் ஆண்டுதோறும் சொல்லும் பணத்தையும் தனியாக நிற்பவர் மறுக்க முடியாது. ஊர் சேர்ந்து நின்றால் மறுக்கலாம்.

எடை போடும்போது தராசு நெல் 40 கிலோ, சாக்கு சுமார் 580 கிராம் சேர்த்துக் காட்ட வேண்டும். அதற்கு மேல் ஏற்றினால் அங்கேயே கேளுங்கள். மொத்த நெல்லையும் ஏற்றிப் போகுமுன், அம்பாரத்தின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் மாதிரி எடுத்து உச்சிவெயிலுக்குப் பின் ஈரம் பார்க்கச் சொல்லுங்கள். தை மாதக் காலைப் பனியில் எடுத்த மாதிரி கூடுதலாகவே காட்டும்.